கொம்புக்கு அடுத்த எழுத்து

இல்ல, இன்னும் ஆகல. ஆயிரும். நீ மீனப் பாரு, நான் இதப் பாக்குறேன். சொல்லிட்டேன், அடுப்படிக்குக் கேட்டுச்சான்னு தெரியல, மீன் அலசுற தண்ணிச் சத்தம் நிக்கவே இல்ல, கேக்கலேன்னா மறுபடி கேப்பா, செண்பகம் ஒரு கேள்விய ஒரு தடவையோட விடுற ஆளில்ல. ரெடியாங்கறா. பொண்ணு ரெடியான்னு மாப்பிள்ளை வீட்ல கேக்குற மாதிரி. தூத்துக்குடி சாளை வந்தாச்சு, புளி ஊறுது, குழம்பு கொதிச்சு எறக்குனதும் கூப்புடுவா, நான் இந்தப் போனத் தூக்கிட்டுப் போகணும், அவ ஒருக்கா தொட்டுப் பாப்பா, ஒரே ஒருக்கா, அதுலயும் சரிப்படலேன்னா இந்த வீட்ல இனிமே படிப்புங்கற பேச்ச நான் எடுக்கக் கூடாது. காப்பி குடுக்கும்போது போட்ட ஒப்பந்தம். ஒப்பந்தம்னு நான்தான் சொல்லுறேன், அவ சொன்னது, "ஒங்களுக்காக ஒருக்கா, அம்புட்டுத்தான், அப்புறம் என்னைய விட்ருங்க"ன்னு. விட்ருங்கன்னு சொன்னது கோவமா இருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். கோவத்துக்கு மருந்து தெரியும், ரெண்டு நாள் வாயத் தொறக்காம குடுத்ததத் தின்னா தீந்துரும். இது கோவம் இல்ல. டம்ளர வச்சிட்டுப் போறப்ப சேலைத் தலைப்பால மேசையத் தொடைச்சிட்டுப் போனா, அங்க ஒண்ணும் சிந்தல. அதான் இப்ப மண்டைக்குள்ள சுத்திக்கிட்டு இருக்கு. சிந்தாத மேசைய ஒருத்தி எதுக்குத் தொடைக்கணும். சரி, அத விடு, போனப் பாரு. என்ன தப்பு இதுல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூணாம் பாடத்துல என்னமோ ஆயிருக்கு, மொத ரெண்டு பாடமும் சிரிச்சுக்கிட்டே பண்ணுனவ மூணாவதுல போனக் கமுத்தி வச்சா, செத்தவன் மொகத்த மூடுற மாதிரி. அந்த மூணாவதத்தான் தொறந்து வச்சிருக்கேன், காலையிலருந்து, நான் பண்ணுனா எல்லாம் சரியாத்தான் வருது. நான் பண்ணுனா சரியாத்தான வரும். கட்டுனவன் கதவு அவனுக்குத் தொறக்காமலா இருக்கும்.

அய்யலுசாமி வாத்தியார் பொண்டாட்டி கைநாட்டு. ஊர்ல இது தெரியாத ஆள் கெடையாது, கோவில்பட்டியில பாதி வீட்டுப் பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்புல அனா ஆவன்னாவ மறுபடி ஆரம்பத்துலருந்து சொல்லிக் குடுத்தவன் நான், என் வீட்ல பேங்குக்குப் போனா மைப்பெட்டியத் தேடணும். கேலி பேசுறவன் பேசியாச்சு, பேசி அலுத்தாச்சு. ஹெட்மாஸ்டர்கூட ஒருக்கா, "சார், வெளக்குக்கு அடியில இருட்டும்பாங்க, நீங்க டியூப்லைட்டுல்ல"ன்னார். நான் சிரிச்சு வச்சேன், டியூப்லைட்டுன்னா அர்த்தம் வேறன்னு அவருக்குப் பொறவு யாரோ சொல்லியிருக்கணும், வந்து வருத்தம் தெரிவிச்சார். ஆனா சொல்லிக் குடுக்காம விட்டது நானில்ல. கல்யாணமான புதுசுலயே கேட்டேன். அவ தீப்பெட்டி ஆபீசுல குச்சி அடுக்குனவ, நானும் அதே மாதிரி ஆபீசுல பெட்டி ஒட்டுனவன்தான், ஒட்டி முடிச்ச கையோட ராத்திரிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடி, பசைக் கையில சிலேட்டப் புடிச்சு, எட்டாவது பிரைவேட்டா எழுதி, பத்தாவது பிரைவேட்டா எழுதி, மத்தவன் ஏணியில ஏறுன எடத்துக்கு நான் கயித்துல ஏறி வந்தவன். அதனால எனக்கு ஒரு நெனப்பு, எனக்கு வந்தது இவளுக்கு வராதான்னு. கேட்டேன். அவ பாய உதறிக்கிட்டே சொன்னா, "வேணாம்ங்க. ஒங்ககிட்டப் படிச்சா நான் ஒங்களுக்குப் பிள்ளையாயிருவேன். அப்புறம் எப்படி ஒங்ககூடச் சண்டை போடுறது? நான் ஒண்ணு சொன்னா நீங்க தப்புன்னு அடிச்சிருவீங்க, நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கணும். வீட்ல எனக்குப் புருஷன் போதும், வாத்தியாரு வேணாம்." அது அவ போட்ட கோடு, அந்தக் கோட்ட நான் தாண்டல, அவ போடுற சண்டைக்கும் ஒரு கொறையுமில்ல. வீட்டுக்கு வர்ற காகிதத்த நான் படிப்பேன், பஸ்ஸ அவ கலரு பாத்து ஏறுவா, மருந்துச் சீட்ட நான் படிப்பேன், மாத்திரைய அவ நெறம் பாத்து எடுத்து வைப்பா. மக ஓசூர்லருந்து போன்ல எழுதி அனுப்புறத நான் சத்தமா வாசிப்பேன், அவ கேட்டுட்டு, "நீங்க சேத்துச் சொல்லல, கொறைச்சுச் சொல்லலைன்னு என்ன நிச்சயம்?"பா. நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு பேருக்கு ஒரு ஜோடிக் கண்ணு போதும்னு நெனச்சுட்டோம்.

போதாது. நெஞ்சு அடைச்ச அன்னைக்குத் தெரிஞ்சது. அடைப்புமில்ல ஒண்ணுமில்ல, வாயுன்னுட்டான் கடைசியில, வாயுன்னு கேட்டதும் செண்பகம், "வாத்தியாருக்கு வாயுதான வரும்"னு நர்சுகிட்டச் சொன்னா, நர்சு சிரிச்சுச்சு. ஆனா அதுக்கு முன்னால நடந்ததுக்கு யாரும் சிரிக்கல, ஏன்னா என்னையத் தவிர யாரும் பாக்கல. என்னை உள்ள தள்ளிக் கொண்டுபோய் மூக்குல வாயில ஒரு மூடியப் போட்டுப் படுக்க வச்சுட்டாங்க. அவ வெளிய எதையோ வாங்கப் போயிருந்தா. கதவு தொறந்து கெடக்கு, நான் படுத்திருக்க எடத்துலருந்து வராண்டா தெரியுது, எதிர்ச் சுவர்ல நீலப் பலகை, ஆண்கள் உள்நோயாளிகள்னு, அம்புக்குறி போட்டு, ஒவ்வொரு எழுத்தும் ஒரு தேங்காப் பருமனுக்கு. அவ வர்றா. கையில ஒரு தண்ணி பாட்டில். பலகைய அண்ணாந்து பாக்குறா. நல்லாப் பாக்குறா. பாத்துட்டுத் தாண்டிப் போயிட்டா. திரும்ப வர்றா, மறுபடி பாக்குறா, மறுபடி தாண்டுறா. நான் கையத் தூக்குறேன், கையில ஊசி, வாயில மூடி, சத்தம் மூடிக்குள்ளயே வெந்நித் தண்ணி ஆவி மாதிரி படியுது. மூணாவது தடவ ஒரு பொம்பளைகிட்ட என்னமோ கேட்டா, அந்தப் பொம்பளை பலகையக் கையால காமிச்சுச்சு, இங்கதான எழுதியிருக்குங்கற மாதிரி. இவ சிரிச்சா. தலைய ஆட்டிட்டு, தெரிஞ்ச மாதிரி ஆட்டிட்டு, மறுபடி தப்பான பக்கமே நடந்தா. அந்தச் சிரிப்பு. அந்தச் சிரிப்ப நான் பாத்ததே இல்ல, அது எனக்குத் தெரியாத பொம்பளையோட சிரிப்பு, வெளிய போனா மட்டும் போட்டுக்கிற செருப்பு மாதிரி அவ வச்சிருந்த ஒரு சிரிப்பு. பொறவு எப்படியோ வந்து சேந்தா. "ஆஸ்பத்திரி பெருசுங்க, சுத்திப் பாத்துட்டு வந்தேன்"னா. ஆமா, பெருசுதான்னு நானும் சொன்னேன், மூடிய எடுத்த பெறகு. பாத்தேன்னு சொல்லல. இன்னைக்கு வரைக்கும் சொல்லல. ஆனா பள்ளிக்கூடத்துல போர்டுல எழுதும்போது, பஸ்ஸ்டாண்டுல பலகைய வாசிக்கும்போது, தண்ணி பாட்டிலோட அவ தாண்டிப் போறா. நான் இல்லாத ஒரு நாள்ல தாண்டிப் போறா. அந்த நாள் வரும். யாருக்கும் வரும். அன்னைக்கு மூடி போட்ட மொகம்கூட உள்ள இருக்காது கையத் தூக்க.

அதுலருந்துதான் இந்த ஆப்பு. ஆப்புன்னு நான் சொன்னா கம்ப்யூட்டர் டீச்சர் ரெஜினா மொகத்தச் சுளிக்கும், "செயலின்னு சொல்லுங்க சார், ஆப்புன்னா வேற மாதிரி இருக்கு"ங்கும். வேற மாதிரித்தான் ஆயிருக்கு இப்ப. நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக ஒண்ணு செய்யணும் டீச்சர்னேன், எழுத்தத் துண்டு துண்டா ஆக்கி, பிள்ளைக அதக் கையால நகட்டி வச்சு வார்த்தைய உண்டாக்கணும், போன்லயே, வாத்தியார் பக்கத்துல இல்லாம. பள்ளிக்கூடம் விட்ட பெறகு கம்ப்யூட்டர் ரூம்ல ஒக்காந்தோம், அது கட்டும், நான் சொல்லுவேன், நான் சொல்றதுல பாதி முடியாதுங்கும், முடியாதுன்னதுல பாதிய மறுநாள் முடிச்சுட்டு வரும். பாடம் எழுதுறது என் வேலை. எழுதுனேன். செண்பகத்துகிட்ட, ஸ்கூலுக்காக ஒண்ணு செய்யறோம், நீ சும்மா தொட்டுப் பாத்துச் சொல்லு, பிள்ளைகளுக்குப் புரியுமான்னு பாக்கணும்னேன். வாங்கிப் பாத்தா. அம்மிக்கல்லு படம், அஞ்சறைப்பெட்டி படம், பஸ்சுப் பலகை படம், மருந்துக்கடை படம், ஆஸ்பத்திரி படம். தள்ளித் தள்ளிப் பாத்துட்டு, "ஒங்க நாலாம் வகுப்புப் பிள்ளைக எல்லாத்துக்கும் கல்யாணமாயிருச்சோ?"ன்னா. எனக்குக் காது சூடாயிருச்சு. ஆனா போனத் திருப்பிக் குடுக்கல. அதுதான் விஷயம், திருப்பிக் குடுக்கல. முருங்கைக்கீரை ஆய்ஞ்ச கையத் தொடச்சுட்டு, ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குத் திரும்பி ஒக்காந்து, ஒரு வெரலால அ-வத் தள்ளுனா. நான் நின்னா நிறுத்திருவான்னு கொல்லைக்குப் போய் காய்ஞ்ச துணிய எடுத்தேன். காயாததையும் சேத்து எடுத்தேன். உள்ள ரெஜினா டீச்சர் குரல், அ, ம், மா, அம்மா. செண்பகம் குரல் அதுக்குப் பின்னால. அம்மா. ஈரத்துணிய நெஞ்சுல அணைச்சுக்கிட்டு வேலியோரமா நின்னேன். மொத பாடம், ரெண்டாம் பாடம். அப்பா, பால், படம், கடல். கடலுங்கறத முடிச்சப்ப, "அட"ன்னு ஒரு சத்தம் வந்துச்சு, அம்புட்டுத்தான், ஆனா அந்த "அட" எனக்கு வாத்தியார் வேலை கெடைச்ச அன்னைக்குக்கூட என் வாயிலருந்து வராத சத்தம்.

அப்புறம் மூணாம் பாடம். நான் வராண்டாவுல ஒக்காந்து பேப்பர் திருத்துறேன், உள்ள தப்புன்னு கேக்குது. சரி, ஒருக்கா வரும். மறுபடி தப்பு. மறுபடி. தப்பு, தப்பு, தப்பு. ஒரே மாதிரி, ஒரே ஏத்தத்துல, மெஷினுக்கு அலுக்காதே. அப்பத்தான் எனக்கு ஒறைக்குது அது யாரு குரல்னு. எழுத்து எல்லாத்தையும் ரெஜினா டீச்சர்தான் சொல்லிப் பதிஞ்சது. சரி, தப்புங்கற ரெண்டு வார்த்தையப் பதியிற அன்னைக்கு அதுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, "நீங்களே சொல்லிருங்க சார், வாத்தியார் குரல்ல இருந்தா பிள்ளைகளுக்குப் பழகுன மாதிரி இருக்கும்"னுச்சு, நானும் மைக்குல வாய வச்சு, சரி, தப்பு, ரெண்டையும் நல்லா நிறுத்தித் தெளிவாச் சொன்னேன். மறந்தே போனேன். பிள்ளைக யாருக்கும் அது உறுத்தல, அதுகளுக்குத் தப்புன்னதும் சிரிப்பு, டக்குடக்குன்னு மாத்தி மாத்தி வச்சு சரின்னு வர்ற வரைக்கும் தள்ளுதுக, தப்புங்கறது அதுகளுக்கு ரோட்ல குழி மாதிரி, தாண்டிட்டு ஓடுறதுதான். செண்பகம் எழுந்து வந்தா. போன மேசையில கமுத்துனா. "இத்தனை வருசமா நேர்ல சொல்லாதத எல்லாம் சேத்துவச்சுப் போன்ல சொல்லிட்டீங்க"ன்னா. "அது நான் இல்லைம்மா, அது பதிஞ்சு வச்சது"ன்னேன். "பதிஞ்சு வச்சது நீங்கதான?"ன்னா. சண்டை போடல. போட்டிருக்கலாம். அதுக்காகத்தான வாத்தியார் வேணாம்னு சொன்னவ, போட்டிருக்கலாம். கையக் கட்டிக்கிட்டு நிக்கல, அவ்வளவுதான், ஆனா அந்தச் சிரிப்பு சிரிச்சா. அந்தச் செருப்பு. வீட்டுக்குள்ள வச்சு. எங்கிட்ட.

தண்ணிச் சத்தம் நின்னுருச்சு. மசால் அரைக்கிற சத்தம். மிக்சி ஓடுற வரைக்கும் எனக்கு நேரம். வா, மூணாம் பாடம், முதல் படம் செடி. கீழ துண்டுக கெடக்கு, ச, டி, ஒரு ஒத்தக்கொம்பு, நடுவுல ஏமாத்துறதுக்கு ஒரு துணைக்கால். நான் எடுக்குறேன் ச, வைக்கிறேன், கொம்ப எடுத்து வைக்கிறேன், அது தானாப் போயி ச-வுக்கு முன்னால ஒட்டிக்கிடுது, செ. டி வைக்கிறேன். சரி. என் குரல். சரிங்கறப்ப எவ்வளவு பெருமை பாரு அந்தக் குரல்ல. மறுபடி. ச, கொம்பு, டி. சரி. இதுல எங்கருந்து தப்பு வரும். ஒருவேளை அவளுக்கு நெசமாவே வரலையோ. வயசு. கண்ணு. ஒருவேளை எனக்கு வந்தது எல்லாருக்கும் வரும்கறதே என் திமிரோ, ராத்திரிப் பள்ளிக்கூடத்துல என்கூட ஒக்காந்த பெட்டி ஒட்டுனவங்கள்ல எத்தனை பேரு கடைசி வரைக்கும் வந்தான், பாதிப் பேரு சிலேட்டுமேலயே தூங்குனான். நாங்க மட்டுமா. வாத்தியாரே தூங்குவாரு. பகல்ல ஆபீஸ்ல கணக்கெழுதுற மனுஷன், ராத்திரி எங்களுக்கு வாத்தியார், நின்னுக்கிட்டே தூங்குற வித்தை தெரிஞ்சவரு. ஒருக்கா போர்டுல ஒரு கொம்பப் போட்டாரு, போட்ட சாக்பீசு போர்டுல இருக்க, கண்ண மூடிட்டாரு. ஒத்தக்கொம்பு, தனியா. நாங்க அம்புட்டுப் பேரும் மூச்சு விடாம ஒக்காந்திருக்கோம், அடுத்து என்ன எழுத்து வரும்னு. ஒருத்தன் கெ-ங்கறான், ஒருத்தன் பெ-ங்கறான், குசுகுசுன்னு பந்தயம் ஓடுது, தோத்தவன் நாளைக்குப் பசை வாளியத் தூக்கணும். அந்தக் கொம்பு பாட்டுக்கு நிக்குது, எந்த எழுத்துக்கும் சொந்தமில்லாம, எல்லா எழுத்துக்கும் எடம் விட்டுக்கிட்டு. பெறகு அவரு முழிச்சு, ஒண்ணும் நடக்காத மாதிரி த-வப் போட்டாரு. தெரு. ஒருத்தனும் ஜெயிக்கல.

கொம்பு. கொம்பப் போட்டுட்டு. ஏலே அய்யலுசாமி. கொம்பப் போட்டுட்டுத்தான எழுத்து. போர்டுல நீ எப்படி எழுதுற, இத்தனை வருசமா எப்படி எழுதுற, கொம்பு மொதல்ல, அப்புறம் ச. சாக்பீசு புடிச்ச எந்தக் கையும் கொம்பத்தான் மொதல்ல போடும், ஏன்னா அதுதான் இடப்பக்கம் இருக்கு. போன்லதான் தலைகீழ், போன்ல ச-வ அடிச்சுட்டுக் கொம்ப அடிச்சா அது எகிறிக் குதிச்சு முன்னால போய் நின்னுக்கிடும், பழகுன வெரலுக்கு அது தலைகீழ்னே தெரியாமப் போச்சு. எனக்கு ரெண்டு கை ஆயிருச்சு, போர்டுக்கு ஒண்ணு, போனுக்கு ஒண்ணு, ஒண்ணு பண்றது ஒண்ணுக்குத் தெரியாது. அவளுக்கு ஒரே கைதான். வச்சுப் பாக்குறேன். ச-வ விட்டுட்டுக் கொம்ப மொதல்ல எடுத்து வைக்கிறேன். தப்பு. என் குரல். ஏ அப்பா. நல்லா நிறுத்தி, தெளிவா, பிள்ளைகளுக்குப் பழகுன மாதிரி. அவ செடியோட படத்தப் பாத்திருக்கா, செண்பகவல்லியம்மன் கோயில் வளைவுல அவ பேரு இருக்கு, பொறந்ததுலருந்து அந்த வளைவுக்குக் கீழ நடந்திருக்கா, வாசிக்கத் தெரியாதுன்னாலும் இது நம்ம பேருன்னு யாரோ சொல்லித் தெரிஞ்சு அண்ணாந்து பாத்திருக்கா, அதுல மொதல்ல நிக்கிறது கொம்பு. படிச்சவனுக்கு எழுத்து கண்ணுல படுறதில்ல, சத்தமாத்தான் படுது, செ-ன்னு ஒரே சத்தமா. படிக்காதவளுக்குத்தான் எழுத்து எழுத்தாத் தெரியுது, இடப்பக்கம் ஒரு சுருட்டு, வலப்பக்கம் ஒரு வளைவு. இடப்பக்கம் இருக்கத மொதல்ல எடுத்து வச்சா. அது வீடு கூட்டுற கணக்கு, ஒரு ஓரத்துலருந்து ஆரம்பிக்கிறது. அதுக்குத்தான் தப்பு. ஒருக்கா இல்ல, நான் பேப்பர் திருத்திக்கிட்டு வராண்டாவுல ஒக்காந்திருக்க, ஒவ்வொரு தடவையும் அவ அதையேதான் வச்சிருக்கா, பிடிவாதமா, ஏன்னா அவளுக்கு அது சரின்னு தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சிருக்கு, ஆனா போன்ல பேசுறது வாத்தியாரு.

ரெஜினா டீச்சருக்குப் போன் போடுறேன். எடுத்துச்சு, குசுகுசுன்னு, "சார், சர்ச்சுல இருக்கேன் சார், ஜெபம் ஆரம்பிக்கப் போகுது." "டீச்சர், நம்ம செயலி கொம்ப மொதல்ல வச்சா தப்புங்குது." "ஆமா சார், தப்புதான? எழுத்து வந்தாத்தான் கொம்பு ஒட்டும். ஒலகம் பூரா கம்ப்யூட்டர்ல தமிழ் அப்படித்தான் சார்." "ஒலகம் பூரா இருக்கட்டும், போர்டுல நீங்க எப்படி எழுதுவீங்க?" பின்னால ஆர்மோனியம் ஒரு சுருதியப் புடிச்சுக்கிட்டு நிக்குது. "அய்யோ சார்"ங்குது. "நான் நெனச்சே பாக்கல சார்." "நானுந்தான்." "ஆனா சார், கொம்பு மட்டும் வந்தா அது எந்த எழுத்துக்குன்னு கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்?" "தெரிய வேணாம், அடுத்த எழுத்து வர்ற வரைக்கும் சும்மா இருக்கச் சொல்லுங்க." "சும்மா இருக்க வைக்கிறதுதான் சார் கஷ்டம்"னுச்சு, "பிள்ளைகளையே நம்மளால முடியல"ன்னுச்சு, சிரிச்சுச்சு, சாயங்காலம் பாக்குறேன்னுச்சு, வச்சிருச்சு. சாயங்காலம். குழம்பு சாயங்காலம் வரைக்கும் கொதிக்காது. மிக்சி நின்னு எவ்வளவு நேரமாச்சு. புளி வாசம் வந்திருச்சு, கருவேப்பிலை பொரியிற வாசம் வந்திருச்சு. இப்ப என்ன பண்ண. கொம்பு இல்லாத பாடமாக் காமிக்கலாம், நாலாவது பாடத்துல கொம்பே கெடையாது, மருந்து, ஊசி, களிம்பு, கட்டு, சுளுவா முடிச்சிருவா, சரி சரின்னு என் குரல் சொல்லும், ஒப்பந்தம் பொழைச்சிரும். அதுல என்ன கெட்டுது. கெட்டுதுதான். கொம்பு இல்லாத தமிழ் எங்க இருக்கு, தெரு வேணாமா அவளுக்கு, பெண்கள்னு எழுதுன பலகை வேணாமா, அவ பேரு வேணாமா. ஏமாத்திப் படிக்க வச்சா அது என் ஜெயிப்பு. அவ பயந்தது அதுக்குத்தான, நான் ஜெயிச்சிருவேன்னு. அப்ப இருக்கறத இருக்கறபடி காமிக்க வேண்டியது. நீ வச்சதுதான் சரி, போன் தப்புன்னு சொல்ல வேண்டியது. சொன்னா நம்புவாளா. ஆறுதலுக்குச் சொல்றீங்கம்பா. மக எழுதுனத வாசிச்சாலே சேத்துச் சொல்றீங்கம்பா.

என்னால ஆகக்கூடியது ஒண்ணு இருக்கு, எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை, குரல எடுத்துர்றது. எங்க இருக்குன்னு டீச்சர் காமிச்சிருக்கு. தொறக்குறேன், தப்புன்னு பேரு போட்ட என் குரல் ஒரு மூலையில கெடக்கு, ஒரு வெரல் நகத்தளவு. நிச்சயமா அழிக்கவான்னு கேக்குது. என்ன ஒரு கேள்வி. எந்த வாத்தியார்கிட்டயும் இதுவரைக்கும் யாரும் கேக்காத கேள்வி. அழிச்சேன். மறுபடி மூணாம் பாடம், செடி. கொம்ப எடுத்து மொதல்ல வைக்கிறேன். சத்தமில்ல. கொம்பு நிக்குது, அதுக்கு வலப்பக்கம் புள்ளி புள்ளியா ஒரு வட்டம், நான் இதுக்கு முன்னால கவனிச்சதே இல்ல, எழுத்து இன்னும் வரலைங்கறதுக்கு மெஷின் போட்டு வச்சிருக்க வட்டம். யாரோ வரணும்னு வச்சிருக்க எடம். பந்தயம் கட்டிக்கிட்டு மூச்சு விடாம ஒக்காந்திருந்தோமே, அந்த எடம். அன்னைக்கு ஆஸ்பத்திரியில என்னை ஸ்கேனுக்குத் தள்ளிட்டுப் போயிட்டாங்க, திரும்பி வர்றப்ப பாத்தேன், அவ காலியாக் கெடந்த கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தா, ஒக்காரல, கட்டில்ல ஒரு கைய மட்டும் வச்சுக்கிட்டு, வேற யாரும் படுத்துறக் கூடாதுங்கற மாதிரி. கொம்பு மொதல்ல வந்து நின்னுரும். வர வேண்டியவன் வர நேரமாகும். ஒருவேளை வராமலே. போதும். அந்தப் பக்கம் போகாத. குழம்பு வாசம் மாறிப் போச்சு, மீன் விழுந்தாச்சு, இனி கரண்டி போடக் கூடாது, மீன் ஒடையும், சட்டியத் தூக்கிச் சுத்தி வச்சிருப்பா. அடுப்ப அணைச்ச சத்தம். இந்தா, கூப்பிடப் போறா. என்ன சொல்லப் போறேன். கூப்புடல. என்ன பண்றா. ஒரு பாத்திரச் சத்தமும் இல்ல, வளையல் சத்தம் மட்டும் இருக்கு, லேசா, இழுத்து இழுத்து, கல்லுல எதையோ தேய்க்கிற மாதிரி. கை கழுவுறாளா. இல்ல, தண்ணி விழல. அடுப்பு மேடையத் தொடைக்கிறாளா, சிந்தாத மேடைய. வளையல் நிக்குது. மறுபடி ஒரு இழுப்பு.

"ஏங்க."

போனக் கையில எடுக்குறேன்.

"ஏங்க, ஒங்களத்தான். அந்தப் போன அங்கயே போட்டுட்டு நீங்க மட்டும் வாங்க. மேடையில மாவு கொட்டிப் போச்சு, அதுல செ போட்டுட்டேன். கொம்பு மொதல்லதான் போட்டேன், என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்க. அடுத்த எழுத்துத்தான் எனக்கு மண்டையில நிக்கல, செண்பகத்துக்கு ரெண்டு சுழியா, மூணு சுழியா?"

மூணு. இங்கருந்தே சொல்லலாம். ஒரு வார்த்தை, ஒக்காந்த எடத்துலருந்தே, பிள்ளைகளுக்குச் சொல்ற மாதிரி. வாய் வரைக்கும் வந்திருச்சு. முழுங்கிட்டேன்.

"வாயில என்ன கொழுக்கட்டையா, வாத்தியாரே? மீன் ஆறுது."

வந்துட்டேன் செண்பகம். இந்தா, வந்துட்டேன்.